ஆறு ஜாக்கெட் கூலி மாத்திரைக்குப் போன கதை: மக்கள் மருந்தகத்தில் ஏழு மாதம்

நான் ஈரோட்டில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். லைனிங் இல்லாத ஜாக்கெட்டுக்குக் கூலி 150 ரூபாய். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் பிரஷரும் வந்து ஆறு வருஷம். மாத்திரைக்கு மாதம் 890 ரூபாய் போய்க்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட ஆறு ஜாக்கெட். இந்தக் கணக்கு ஒருநாள் பொத்தான் வைக்கும்போது மண்டையில் ஏறியது. அதற்கப்புறம்தான் மக்கள் மருந்தகத்துக்குப் போனேன்.

ஜன் ஔஷதி என்று பலகையில் போட்டிருப்பார்களே, அதுதான். 2008இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். இங்கே கிடைப்பது ஜெனரிக், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பது. அதனால் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பயனில்லை, மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10, அப்புறம் சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒன்று. பழைய அட்டைகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிக் கொண்டுபோனேன். விளம்பரத்துக்கும், டாக்டர்களைப் பார்க்க வரும் கம்பெனி ரெப்களின் அலைச்சலுக்கும் நாம் கொடுக்கும் காசு இந்த விலையில் இல்லை. முதல் பில் 180 ரூபாய்க்குள் முடிந்தது. எனக்கே சந்தேகம் வந்து, ‘ஒரு மாசத்துக்குத்தானே?’ என்று இரண்டு தடவை கேட்டேன்.

கடையில் இருந்த பெண், சீட்டைக் காட்டாமல் கொடுக்க மாட்டேன் என்றார். ‘அக்கா, கிளிமிபிரைடு ஒண்ணா, ரெண்டா?’ என்று கேட்டார். நான் எழுதி வந்ததில் 2 மில்லிகிராம், டாக்டர் சீட்டில் 1. பழைய அட்டையை எடுத்துவிட்டேன் போல. அப்படியே வாங்கியிருந்தால் சர்க்கரை இறங்கி மனுஷன் மயங்கி விழுந்திருக்கலாம். பெயர் மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்தில் எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை, அதை நொறுக்கியோ உடைத்தோ தரக் கூடாது.

வீட்டில்தான் பெரிய பஞ்சாயத்து. ‘ஏனுங்க, மருந்து அதேதானுங்க’ என்றால் நம்பவில்லை. ‘இத்தனை மலிவா இருந்தா சத்து இருக்குமா?’ என்றார், என்னமோ நாட்டுக்கோழி வாங்குவது மாதிரி. நாங்கள் வழக்கமாக வாங்கும் தனியார் மருந்துக் கடைக்காரரும் ‘ஜெனரிக் எல்லாம் வேலை செய்யாது’ என்று சொல்லிவைத்திருந்தார். அவருக்கு வேறென்ன சொல்ல வரும்! சரி, வாக்குவாதம் வேண்டாம் என்று டாக்டரிடமே கேட்டேன். மாற்றுங்கள், மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள் என்றார். முந்தைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது, முதல்நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. முன்பு 7.8, மாற்றிய பிறகு 7.6. அன்றோடு சத்துப் பேச்சு நின்றது.

மகளுக்கு சுவிதா நாப்கினும் அங்கேதான். ஒன்று ஒரு ரூபாய். கொஞ்சம் மெல்லிசு, முதல் நாளுக்குப் போதவில்லை என்கிறாள். மற்ற நாளுக்குச் சரி.

எல்லா மருந்தும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அவருடைய கண் சொட்டு மருந்தை இன்னும் வெளியில்தான் வாங்குகிறேன். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போவது நல்லது. இதுவும் கட்டாது என்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பக்கத்து வீட்டு ஆத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, காசே கிடையாது.

போன மாதம் அவரே பையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். ரசீதோடு ஒரு பொட்டலம் ஓலை பக்கோடாவும் வந்தது. பிரஷர்காரருக்கு உப்பு ஆகாது என்று அதை நானும் மகளும் தின்றோம்.