கம்பஸ் அட்டையில் ஒளிந்திருக்கும் காசு

கொழும்பில் அறை வாடகை கட்டிப் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு கம்பஸ் தரும் சலுகைகளில், நான் முதலிடம் கொடுப்பது எடுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்கான பொது வைஃபைக்குத்தான். போனில் ஒருதரம் பதிந்துவிட்டால், எடுரோம் உள்ள வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாகவே இணையும். டேட்டாக் காசு மிச்சம். கம்பஸ் மின்னஞ்சலைக் கொடுத்து வேர்ட், எக்செல் இணையப் பதிப்பையும் சும்மா எடுக்கலாம்.

பஸ் சீசன் டிக்கெட் மலிவுதான், ஆனால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ்ஸுக்கு மட்டும். வெள்ளவத்தையில் நின்றால் தனியார் பஸ்தான் வரிசையாக வரும். அதில் சீசனை நீட்டினால் கண்டக்டர் சிரிப்பார். காலை லெக்சர் என்றால் நேரத்தோடு வெளிக்கிடுங்கள்.

எங்கள் கம்பஸ் மருத்துவ நிலையத்தில் காய்ச்சல், தடிமனுக்கு டாக்டரும் மருந்தும் இலவசம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், வரிசை வாசல் தாண்டும்.

அப்புறம் கன்டீன். வெளிக்கடை விலையோடு பார்த்தால் சோறு நல்ல மலிவு. பருப்பு வெறும் மஞ்சள் தண்ணி, அதில் சமாதானமே இல்லை. ஆனால் பொல் சம்பல் (தேங்காய்ச் சம்பல்), சின்ன வெங்காயமும் தேசிக்காயும் தூக்கலாக, அவ்வளவு ருசி. மீன் துண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்கு முன்னம் போங்கள். பிந்தினால் முட்டைதான்.