வார் கோப்பு ஒன்று, சர்வர் பல: ஜாவா செயலியின் அமைப்புகளை எங்கே வைப்பது?

சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்த அதே வார் கோப்புதான் (ஜாவா வலைச் செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பொதி) நேரலைக்கும் போக வேண்டும். டேட்டாபேஸ் முகவரி மாறுகிறதே என்று மறுபடி பில்ட் செய்தால், சோதித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று ஆகிவிடும். எனவே வாருக்குள் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் என்ற விவரக் கோப்பில் எழுதும் கான்டெக்ஸ்ட் பாராமீட்டரும், வாருக்குள் வைக்கும் பிராப்பர்டீஸ் கோப்பும் (பெயரும் மதிப்புமாக எழுதிய பட்டியல்) சர்வருக்குச் சர்வர் மாறாத மதிப்புகளுக்கு மட்டும்தான்.

வெளியே வைப்பதில் சுலபமானது, ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்மைத் தொடங்கும்போது மைனஸ் டி (-D) போட்டுத் தரும் சிஸ்டம் பிராப்பர்டி. ஆனால் கடவுச்சொல்லை அதில் தராதீர்கள். லினக்ஸில் ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை அடித்தால், அதே இயந்திரத்தில் இருக்கும் மற்ற பயனர்களுக்கும் பொதுவாக அது தெரியும். என்விரான்மென்ட் வேரியபிளைப் படிக்க அதே பயனராகவோ ரூட்டாகவோ இருக்க வேண்டும். டாக்கர் போன்ற கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு அதுதான் இயல்பான வழி. வார் கோப்புகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட் ஒன்றிலேயே நான்கு செயலிகள் இருந்தால் இரண்டுமே சிக்கல்தான். ஜேவிஎம் ஒன்று என்பதால் பெயர்கள் மோதிக்கொள்ளும்.

அங்கே, சர்வரில் வைத்த மதிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பெறும் ஜாவா வசதியான ஜேஎன்டிஐ கைகொடுக்கிறது. டாம்கேட்டின் கான்ஃப் அடைவுக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட். அங்கே செயலியின் பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வைத்தால், அதிலுள்ள மதிப்புகள் அந்தச் செயலிக்கு மட்டுமே. இதில் ஒரு பொறி உண்டு. கோப்பு மாற்றங்களைக் கவனித்துத் தானே செயலியை நிறுவும் ஆட்டோ டிப்ளாய் இயங்கும்போது பழைய வாரை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், அதைக் கண்டதும் அன்டிப்ளாய் (செயலியை நீக்குவது) நடந்து அந்த எக்ஸ்எம்எல்லும் சேர்ந்து போய்விடும். அழிக்காமல் மேலெழுதுங்கள், அல்லது ஆட்டோ டிப்ளாயை அணைத்துவிடுங்கள். இன்னொரு குறை, டாம்கேட் இல்லாமல் யூனிட் டெஸ்ட் ஓட்டும்போது ஜேஎன்டிஐயைப் போலியாக அமைக்க வேண்டியிருக்கும்.

நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது வெளியே ஒரு பிராப்பர்டீஸ் கோப்பு, அதன் பாதையை மட்டும் சொல்ல ஒரு மைனஸ் டி. கோப்பைப் படிக்கும் உரிமையைச் செயலியின் பயனருக்கு மட்டும் தரலாம். மதிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். பாதையை முழுமையாகக் கொடுங்கள். பாதி கொடுத்தால் டாம்கேட்டை எந்த அடைவிலிருந்து தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மாறும். அப்புறம், தமிழ் எழுத்துகள் இருந்தால் கவனம். இன்புட்ஸ்ட்ரீம் வழியாக லோட் செய்தால் ஜாவா அதை ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட ரீடர் வழியாகப் படிக்க வேண்டும். ஜாவா 9-இல் யூடிஎஃப்-8க்கு மாறியது, மொழிவாரியாகச் சொற்களை வைக்கும் ரிசோர்ஸ் பண்டில் மட்டும்தான்.

ஜாவா செயலிகளை எழுத உதவும் சட்டகமான ஸ்பிரிங் பூட் இவற்றையெல்லாம் ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பை என்விரான்மென்ட் வேரியபிள் வெல்லும், அதைச் சிஸ்டம் பிராப்பர்டி வெல்லும். கோப்பில் மாற்றியும் பழைய மதிப்பே வருகிறதா? சர்வரில் அதே பெயரில் ஒரு வேரியபிள் ஏற்கெனவே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.