அச்சுப் புத்தகம், செல்போன், கிண்டில்: எதில் எதைப் படிக்கலாம்?

ஆகஸ்ட் வந்தால் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கோபி, பவானி, பெருந்துறைப் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இல் தொடங்கியது அது. பை நிறைய வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், "இதெல்லாம் போன்லயே கிடைக்குமுங்களே, எதுக்கு இந்தச் சுமை?" என்று கேட்க ஒருவராவது இருப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் செல்போனையும் கிண்டில் மாதிரி மின்வாசிப்பானையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதலில் பாடம் படிப்பது. இதில் காகிதத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2018-இல் வெளியானது. மொத்தம் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள். அச்சில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கெடு வைத்துப் படிக்கச் சொன்னபோது இடைவெளி இன்னும் கூடியது. தகவல் சார்ந்த பாடங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. வெறும் கதை என்றால் பெரிய வித்தியாசம் இல்லை.

நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி ஏது? நேரக் கெடு, தகவல் பாடம் இரண்டும்தானே அவர்களுடைய அன்றாடம்! தமிழக அரசின் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. 2018-க்குப் பிறகு வந்த புத்தகங்களில் கியூஆர் கோடும் உண்டு. அந்தக் கோடு வழியாக வீடியோ பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் பாடத்தைப் புத்தகத்தில் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பதுதான் சரி. போனில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்கும்போதே வாட்ஸ்அப் மணி அடித்துவிடும்.

இரவில் திரையில் படித்தால் தூக்கம் கெடும் என்கிற வாதத்தை நான் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன். படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதில் கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான்.

அப்புறம் வெயில். தோட்டத்துக் களத்தில் உட்கார்ந்தால் செல்போன் திரையில் நம் முகம்தான் தெரியும். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. காகிதம் போலவே தெரியும் மின்மைத் (இ-இங்க்) திரை கொண்ட கிண்டிலுக்கும் இல்லை.

கிண்டிலில் எனக்குள்ள மனக்குறை வேறு. காசு கொடுத்து வாங்கினாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009-இல் உரிமைச் சிக்கல் வந்தபோது, வாசகர்கள் வாங்கி வைத்திருந்த சில நூல்களைக் கிண்டிலை விற்கும் அமேசான் நிறுவனம் அவர்களுடைய கருவியிலிருந்தே அழித்தது. அச்சுப் புத்தகத்தை அப்படி யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. அத்தை வீட்டுக்கு இரவல் போகும், அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், திரும்பி வராமலும் போகும்! வேண்டாம் என்றால் கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் போட்டு நாலு காசு பார்க்கலாம்.

திரைக்கும் தனி இடம் உண்டு. பார்வை மங்கிய அப்புச்சிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க அச்சால் முடியாது. அச்சில் தேடிக் கிடைக்காத பழைய நூல்களுக்கு தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, அதுவும் இலவசமாக. ஒரு பாட்டு எந்த நூலில் வருகிறது என்று தேட எனக்குக் கணினிதான் வேண்டும். இடம் தெரிந்த பிறகு அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

ஆக, கதை படிக்கக் கிண்டில் வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன். பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் படிக்க டேப்லெட் வாங்கப் போகிறேன் என்பவரிடம் மட்டும், அந்தப் பணத்தில் முதலில் புத்தகம் வாங்குங்கள் என்பேன்.