மின்மாற்றி வெடிக்காதிருக்க: வால்வா, பியூஸா, எண்ணெயா?

மாரிகாலத்து முதல் இடியோடு மின்சாரம் நின்றால், "ட்ரான்ஸ்போமர் வெடிச்சிட்டுது" என்று யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒருவராவது சொல்வர். பல வேளைகளில் வெடித்தது கம்பத்துப் பியூஸ்தான். வேட்டுப்போல் ஒலித்துக் கீழே தொங்குவது அதன் கடமை. மெய்யான வெடிப்பு மின்மாற்றியின் எண்ணெய் நிரம்பிய இரும்புத் தாங்கிக்குள் நிகழ்வது. கம்பிச் சுருளைச் சுற்றிய காப்புத்தாள் பழுதாகி, மின்சாரம் இடைவெளி தாண்டிப் பாயும் தீச்சுடரான மின்வில் பற்றியதும் எண்ணெய் சிதைந்து ஐதரசன், அசற்றிலீன் போன்ற வாயுக்கள் பெருக, அவற்றுக்கு இடமின்றி இரும்பு கிழிகிறது.

1921இல் ஜெர்மானியரான மக்ஸ் புக்கோல்ஸ் காப்புரிமை பெற்ற ரிலே, அதாவது பழுதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சமிக்ஞை தரும் கருவி, சிறுகச் சிறுகச் சேரும் வாயுவைக் கண்டுபிடிப்பதில் இன்றும் தேர்ந்தது. ஆனால் பெரும் மின்வில் பற்றினால், ரிலே உணர்ந்து துண்டிப்பான் திறந்து முடிய ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிசெக்கன் ஆகும். எண்ணெயில் அழுத்த அலையோ செக்கனுக்கு 1,000 மீற்றருக்கும் மேல் விரைகிறது. அழுத்தம் மிகுந்தால் திறந்து எண்ணெயை வெளிவிடும் சுருள்வில் வால்வின் குறை வேறு: அதன் வாய் சிறியது, பெரும்பாலும் மூடியில் இருப்பது, மின்வில் தொலைவில் பற்றினால் பிந்திவிடுகிறது. மின்சமிக்ஞைக்குக் காத்திராமல் முதல் அழுத்த உச்சத்திலேயே உடைந்து, எண்ணெயையும் வாயுவையும் வேறு தாங்கிக்கு விடும் அகன்ற உடைதகடு இவ்விரண்டையும் விட மேலானது. விலை கூடியதாயினும் சுண்ணாகத்தின் 132 கிலோவோல்ற் உபமின்நிலையம் போன்ற இடங்களுக்கு அது தகும், தெருக்கம்பத்துக்குத் தகாது.

கம்பத்து மின்மாற்றிக்கு நான் பரிந்துரைப்பது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பியூஸ். வழக்கமான பியூஸ், திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் சுழியைத் தொடும் வரை காத்திருக்கும். அதுவரை மின்வில் எண்ணெயைச் சிதைத்துக்கொண்டேயிருக்கும். மணல் நிரப்பிய மட்டுப்படுத்தும் பியூஸோ, பெரும் பழுது மின்னோட்டத்தை அரைச் சுழற்சிக்குள், அதாவது 50 ஹேர்ட்ஸில் 10 மில்லிசெக்கனுக்குள், உச்சத்தை எட்டவிடாமல் அறுக்கிறது. சிறு மிகைமின்னோட்டத்தில் அது நம்பத்தக்கதன்று என்பதால், பழைய பியூஸை அகற்றாமல் தொடராகவே பொருத்த வேண்டும்.

எண்ணெயை மாற்றுவது வேறு கேள்விக்கு விடை. வழக்கமான கனிம எண்ணெய் சுமார் 170 பாகை செல்சியஸில் தொடர்ந்து எரியத் தொடங்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் திரவம் 300 பாகையைத் தாண்டியும் பற்றாது. எஸ்டரிலும் மின்வில் வாயுவை உண்டாக்கவே செய்யும், ஆகவே தாங்கி கிழியக்கூடும். பின்வரும் தீயைத்தான் அது பெரிதும் தடுக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, பெரிதும் கிணற்றை நம்பிய இந்தச் சுண்ணாம்புக்கல் மண்ணில் அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சிந்திய எண்ணெய் பாறை வெடிப்புகளூடாக நிலத்தடி நீரை விரைவில் எட்டும் நிலையில், எஸ்டர் நுண்ணுயிர்களால் எளிதில் சிதைகிறது. இங்கு எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இதற்குத் தனி நிரல் வேண்டும் என்பேன்.

சுருள்களைப் பிசினில் வார்த்துச் செய்த, எண்ணெயே இல்லாத பிசின்வார்ப்பு மின்மாற்றி கட்டடத்துக்குள் மிகப் பாதுகாப்பானது. திறந்த வெளியில் உப்புக்காற்று அதன் காப்பைக் கெடுக்கும்.

எஸ்டர் காற்றுப்பட்டால் ஒட்சியேறித் தடிக்கும். எனவே காற்றை உள்ளிழுக்கும் பழைய தாங்கிகளில் அதை ஊற்றுவது வீண்செலவு. அவற்றுக்குப் பியூஸை மாற்றுங்கள், எஸ்டரை இனி வாங்கும் மூடிய மின்மாற்றிகளுக்கு வையுங்கள்.