ஏழு வருடமாக என்னிடம் இருக்கும் டிரெட்ஸ்டார்

வாங்கி ஏழு வருடம் ஆகிறது. முழுதாக நான்கு முறை படித்திருக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் நடுவிலிருந்து புரட்டியதற்குக் கணக்கில்லை. அட்டையின் ஓரங்கள் வெளுத்துவிட்டன.

2010இல் வந்த ‘டிரெட்ஸ்டார்: தி பிகினிங்’ என்ற கெட்டி அட்டைக் காமிக்ஸ் தொகுப்பு இது. எழுதி வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின். மார்வெல் காமிக்ஸின் வில்லன் தானோஸை உருவாக்கியவர் என்றால் பலருக்குச் சட்டென்று விளங்கும். தானோஸ் மார்வெலின் சொத்து. டிரெட்ஸ்டார் ஸ்டார்லினின் சொந்தச் சொத்து. இரவல் வாங்கிய பொருளைப் பழுதில்லாமல் திருப்பித் தரும் கவலை இல்லாதவர் என்ன செய்வார்? முதல் கதையிலேயே பால்வெளி மண்டலம் முழுவதையும் அழித்துவிடுகிறார்.

அந்தக் கதை, 1980 முதல் ‘எபிக் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் தொடராக வந்த ‘மெட்டமார்ஃபசிஸ் ஒடிசி’. தொடக்க அத்தியாயங்கள் சாம்பல் நிறத்தில் தீட்டப்பட்டவை. வண்ணம் பிறகுதான் வருகிறது. மண்டலத்தை அழிப்பவர் வில்லன் அல்லர். ஸிகோட்டியன்கள் என்ற ஆக்கிரமிப்பாளர் இனத்தின் கையில் உயிர்கள் வதைபடுவதைவிட எல்லாம் ஒரேயடியாக முடிவதே கருணை என்று முடிவுகட்டிய அக்நேட்டன் என்ற ஞானி. அந்த அழிவிலிருந்து அவரோடு தப்பி, பத்து லட்சம் ஆண்டு உறக்கத்துக்குப் பின் விழிக்கும் நாயகன் வான்த் டிரெட்ஸ்டார் முதல் வேலையாக அந்த ஞானியைக் கொல்கிறான். முதல் வாசிப்பில் எனக்குப் புல்லரித்தது இந்த இடத்தில்தான். இப்போது படித்தால் அக்நேட்டனின் நீண்ட பேச்சுகளைத் தாண்ட முடியவில்லை, கொட்டாவி வருகிறது.

மாறாக, அன்று அவசரமாகக் கடந்துபோன இரண்டாம் கதை ‘தி பிரைஸ்’தான் இன்று என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. சிஸிஜி டார்க்லாக் ஒரு மதபீடத்தின் பிஷப். சகோதரனைக் கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறார். தேடத் தேட மந்திர ஆற்றல் கூடுகிறது. கடைசியில் அந்த ஆற்றலுக்கு விலையாகக் கேட்கப்படுவது அவர் நேசிக்கும் பெண்ணின் உயிர். கொடுத்துவிடுகிறார். முதல் கதையில் கோடானு கோடி உயிர்கள் போனபோது அசையாத மனம் இந்த ஒற்றை உயிருக்கு அசைந்தது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அடுத்ததைத் திருப்பக் கொஞ்சம் தயங்குகிறேன். நாற்பது வயதைத் தாண்டியதும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, 1982இல் மார்வெல் கிராஃபிக் நாவல் வரிசையில் மூன்றாம் நூலாக வந்த ‘டிரெட்ஸ்டார்’. பூனை முகம் கொண்ட மக்களோடு வான்த் அமைதியாக வாழ்கிறான். போர் தேடி வருகிறது. கச்சிதமான கதை, அவ்வளவுதான்.

ஆனால் அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது! அதே ஆண்டு தனி இதழாகத் தொடங்கிய தொடர்கதை இதில் இல்லை. ‘தி பிகினிங்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். கவனிக்காதது என் தவறு. அந்த இதழ் மார்வெலின் எபிக் பிரிவில் 26 வரை வந்தது. உரிமை படைப்பாளியிடம் இருந்ததால், 27ஆம் இதழை 1986இல் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் என்ற வேறு நிறுவனம் வெளியிட்டது. 1991 வரை மொத்தம் 64. அவற்றைப் பழைய பிரதிகளாகத் தேடிச் சேர்க்கிறேன். ஒரு விற்பனையாளர் எட்டு இதழ்களை வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினார். எட்டிலும் ஒரே மூலை மடங்கியிருந்தது.

தொகுப்பின் தாள் வழவழப்பானது. விண்வெளிக் கதை என்பதால் பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு. விரல் பட்ட இடமெல்லாம் ரேகை பதிகிறது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கட்டங்களுக்கு மேல் வெள்ளைக் கோடுதான் தெரியும்; விளக்குக்கு முதுகு காட்டி உட்காரப் பழகிவிட்டேன். அலமாரியில் நிமிர்த்தி வைத்ததில் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இப்போது படுக்க வைக்கிறேன்.

போன மாதம் நண்பர் இரவல் கேட்டார். நடுக்கதையிலிருந்து தொடங்கச் சொல்லித்தான் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்தே படித்துவிட்டு, பால்வெளி அழிந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டதாக நேற்று போன் செய்தார்.