காலனைசேஷன்: மூன்று வடிவங்களில் எதை விளையாடுவது?

1994-இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட 'காலனைசேஷன்' என்ற கணினி வியூக விளையாட்டை இன்று ஆட விரும்புகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் துணையோடு ஓடும் மூல விளையாட்டை ஸ்டீம், ஜிஓஜி தளங்களில் வாங்கலாம். ஃபிராக்சிஸ் 2008-இல் புதுப்பித்த 'சிவிலைசேஷன் 4: காலனைசேஷன்' இருக்கிறது. ஆர்வலர்கள் திறந்த மூலத்தில் உருவாக்கிய 'ஃப்ரீகால்' இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு நான் தயங்காமல் ஃப்ரீகாலைத்தான் பரிந்துரைப்பேன். அது இலவசம் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

காரணம் புரிய வேண்டுமென்றால் மூல விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரையன் ரெனால்ட்ஸும் சிட் மையரும் வடிவமைத்த இந்த ஆட்டம் 1492-இல் தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கில் ஒரு நாட்டின் கப்பலில் அமெரிக்கக் கரையை நோக்கிப் போகிறீர்கள். அங்கே ஊர்களை அமைத்து வளர்த்து, கடைசியில் தாய்நாட்டு மன்னரிடமிருந்து விடுதலை பெறுவதே இலக்கு. மற்ற வியூக விளையாட்டுகளில் ஓர் ஊரின் மக்கள்தொகை வெறும் எண். இங்கே ஒவ்வொருவரும் தனி ஆள். சுருட்டுப் பட்டறையில் ஒரு சிறைக்குற்றவாளியை உட்கார வைத்தால் ஒரு முறைக்கு (டர்ன்) 1 சுருட்டுதான் வரும். ஒப்பந்தக் கூலி 2, சாதாரணக் குடியேறி 3, தொழில் கற்றுத் தேர்ந்தவர் 6. குற்றவாளியைப் பள்ளிக்கு அனுப்பினால் படிப்படியாக உயர்கிறார். சாதாரணக் குடியேறியைப் பூர்வகுடி ஊருக்கு அனுப்பினால், கரும்போ புகையிலையோ அந்த ஊருக்குத் தெரிந்த விவசாயத்தைக் கற்று வருகிறார். யாரை எங்கே வைப்பது என்ற கேள்விதான் ஆட்டம் முழுவதும் நம்மை இழுத்துச் செல்கிறது. போரெல்லாம் அதற்குப் பிறகு.

2003 ஜனவரியில் முதல் பதிப்பைக் கண்ட ஃப்ரீகால், சரியாக இருபது ஆண்டுகள் கழித்து 2023 ஜனவரியில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. பழைய விதிகளை அப்படியே வைத்திருக்கும் தொகுப்பு அதில் உண்டு. போர்த்துகல், டென்மார்க், ஸ்வீடன், ரஷ்யா ஆகிய நாடுகளையும் சேர்த்து விரிக்கும் தொகுப்பு தனியாக உண்டு. பலர் சேர்ந்து ஆடும் வசதி மூலத்தில் இல்லை; இதில் வலையமைப்பு வழியே அதுவும் கிடைக்கிறது.

அன்றாட ஆட்டத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கட்டட வரிசைதான். மூலத்தில் ஓர் ஊர் ஒரு கட்டடத்தை முடித்ததும் அடுத்ததை நாமே போய்ச் சொல்ல வேண்டும். பத்து ஊர்கள் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் இந்தச் சுற்றுக்கே நேரம் போய்விடும். ஃப்ரீகாலில் துறைமுகம், பள்ளி, மதில் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, மரமும் கருவிகளும் தட்டாமல் வந்து சேர்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். கவனம் மறுபடியும் ஆட்கள் பக்கம் திரும்புகிறது.

குறையும் உண்டு. கணினி ஆடும் போட்டி நாடுகள் ஃப்ரீகாலில் மந்தமாகவே நகர்கின்றன. தனியாக ஆடினால் நடுப்பகுதியில் அழுத்தம் குறைந்துவிடும். மூலத்தின் வயலின் நாட்டுப்பாடல்களுக்கு ஈடான இசையும் அதில் இல்லை. அந்த இசைக்காகவே மூலத்தை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

2008 வடிவம் மூன்றிலும் கண்ணுக்கு அழகானது. ஆனால் அதன் ஆதார விதி ஒன்று ஆட்டத்தையே புரட்டிப்போடுகிறது. ஊர்களில் அடிக்கும் சுதந்திர மணிகள்தான் மக்களிடம் விடுதலை உணர்வை வளர்க்கின்றன; பாதிப் பேராவது உங்கள் பக்கம் வந்தால்தான் மன்னரிடமிருந்து பிரிய முடியும். 2008 வடிவத்தில் அதே மணிகள் மன்னரின் படையையும் பெருக்குகின்றன. எனவே வெல்ல நினைக்கிறவர் நெடுங்காலம் மணிகளைத் தொடாமலே இருந்து, கடைசியில் அவசரமாக அடித்துப் போரில் இறங்குகிறார். மெல்ல மெல்ல வளர வேண்டிய விடுதலை உணர்வைத் தள்ளிப்போடச் சொல்லும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை. போதாததற்கு, வழக்கமான வேகத்தில் 300 முறைகளுக்குள் விடுதலைப் போரை வென்றாக வேண்டும். ஊர்களை நிதானமாக வளர்ப்பதில் மகிழ்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

ஒரு விஷயத்தில் மட்டும் 2008 வடிவத்தைச் சுற்றி வளர்ந்த ஆர்வலர் வட்டம் முந்திவிட்டது. மூல விளையாட்டில் அடிமை வணிகம் என்ற ஒன்றே கிடையாது. கரும்புத் தோட்டமும் ரம் ஆலையும் உண்டு, அவற்றில் உழைப்பவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளும் மதம் மாறிய பூர்வகுடியினரும்தான். உண்மையில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர். அவர்களில் மிகப் பலரை விழுங்கியது அந்தக் கரும்புதான். இது சிறிய விடுபடல் அல்ல. பூர்வகுடி ஊர்களை எரித்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும் அளவுக்கு யோசித்த ஒரு விளையாட்டு இதைத் தவிர்த்திருக்கக் கூடாது. ஃப்ரீகாலின் பழைய விதிகளும் அதே மௌனத்தைத் தொடர்கின்றன. 2008 வடிவத்துக்கு ஆர்வலர்கள் எழுதிய 'வீ தி பீப்பிள்' என்ற பெரிய மாற்றுத்தொகுப்பு அடிமைகளையும் தப்பியோடிய அடிமைகளையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஃப்ரீகாலின் விதிகள் யாரும் திறந்து திருத்தக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருக்கின்றன. அந்த வேலையை அங்கும் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஃப்ரீகாலை இறக்கியதும் பழைய விதிகளைத் தேர்ந்தெடுத்து, நெதர்லாந்தாக ஆரம்பியுங்கள். முதல் கப்பலிலேயே நான்கு சரக்கறைகள் இருக்கும், மற்றவர்களுக்கு இரண்டுதான். ஐரோப்பாவில் விலை சரிந்தாலும் டச்சுக்காரர்களுக்குச் சீக்கிரம் மீண்டுவிடும். முதல் ஊரைப் புகையிலையோ கரும்போ விளையும் கரையில் அமையுங்கள். அருகிலுள்ள பூர்வகுடி ஊர் எந்தத் தொழிலைக் கற்றுத்தருகிறது என்று விசாரித்துவிட்டு அடுத்த ஆளை இறக்குங்கள்.