சோடியமா, பொட்டாசியமா? செய்முறை விளக்கத்திற்கு எது ஏற்றது

கார உலோகங்கள் நீருடன் வினைபுரிவதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்குவதுண்டு.

நீருடன் வினை:
சிறு மணியளவு சோடியத்தை நீரிலிட்டால், அது வினையின் வெப்பத்திலேயே உருகி, வெள்ளி முத்தாகத் திரண்டு, சீறியபடி நீர்ப்பரப்பில் ஓடும். நீரில் பினாப்தலீன் (காரத்தில் நிறம் மாறும் நிறங்காட்டி) கலந்திருந்தால் அது சென்ற தடமெல்லாம் இளஞ்சிவப்பாகும்.
பொட்டாசியமோ நீரைத் தொட்டவுடன் வெளிர் ஊதாச் சுடருடன் எரியத் தொடங்கிவிடும்.

அயனியாக்கும் ஆற்றல் (அணுவின் வெளி எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்):
சோடியத்திற்கு மோலுக்கு 496 கிலோஜூல்.
பொட்டாசியத்தில் வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து மேலும் ஒரு கூடு தள்ளியிருப்பதால், 419 கிலோஜூலே போதும்.

சேமிப்பு:
இரண்டையும் பாரஃபின் எண்ணெயில்தான் வைக்கிறோம். ஆயினும் என் தேர்வைத் தீர்மானிப்பது இந்த இடமே. நாள்பட்ட பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் நிறச் சூப்பராக்சைடு (ஆக்சிஜன் மிகுந்த சேர்மம்) படியக்கூடும்; கத்தி அழுத்தும்போது அது எண்ணெயுடன் வினைபுரிந்து வெடிக்கவும் கூடும் என்பதால், அத்தகைய துண்டை வெட்டவே கூடாது. சோடியத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே, வினையின் போக்கை மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டுமெனில் சோடியமே ஏற்றது. தனிம அட்டவணையின் இத்தொகுதியில் கீழே செல்லச் செல்ல வினைத்திறன் கூடுவதைக் காட்ட மட்டும், புதிய பொட்டாசியத்தின் மிகச் சிறு துண்டைப் பாதுகாப்புத் திரைக்குப் பின்னால் பயன்படுத்தலாம்.